போஸ்ட்டாக்: பணம் யார் பெயரில், கருவி யார் கையில்?

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று. வெளித்தேர்வாளரின் அறிக்கை வரவில்லை, வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறிக்கவில்லை. அதற்குள் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணிக்கு அழைத்து, மின்னஞ்சலில் இரண்டு கடிதங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் தன் திட்டப் பணத்தில் தரும் ஓராண்டு வேலை, "நீட்டிக்கப்படலாம்" என்ற வரியுடன். மற்றொன்று, ஜெர்மனியில் இரண்டாண்டு ஒப்பந்தம். ஜப்பானுக்கு விண்ணப்பித்தது நிலுவையில் இருக்கிறது. வீட்டிலோ "பெங்களூரிலேயே ஏதாவது கிடைக்காதா?" என்கிறார்கள். பொறியியலிலும் பயன்பாட்டு இயற்பியலிலும் முனைவர் பட்டம் முடிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்தச் சிக்கலின் ஏதோ ஒரு வடிவத்தைத்தான். கேள்வி எப்போதும் "எந்த நாடு நல்லது?" என்று வருகிறது. எதை வைத்து நல்லது என்று சொல்வது? அதை முதலில் பேசிவிடுவோம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பணம் யார் பெயரில் வருகிறது என்பது. பேராசிரியரின் திட்டத்திலிருந்து வந்தால் அந்தத் திட்டம் கேட்கும் வேலையைத்தான் செய்ய வேண்டும். திட்டம் நின்றால் நீங்களும் நிற்பீர்கள். உங்கள் பெயரில் வந்த ஃபெலோஷிப் (ஆய்வு உதவித்தொகை) என்றால் தலைப்பு உங்களுடையது, ஆனால் பல இடங்களில் அது சட்டப்படி சம்பளமே அல்ல. இந்த வேறுபாட்டின் விலை நாட்டுக்கு நாடு மாறும்.

இரண்டாவது, கருவி எப்போது கைக்கு வரும். கணித்தும் உருவகப்படுத்தியும் வேலை செய்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தூசு நீக்கிய ஆய்வறையான கிளீன்ரூமிலும் வெற்றிடக் கலன்களோடும் வாழ்பவர்களுக்கு எல்லாமே இதுதான். என் முதல் போஸ்ட்டாக் 24 மாதம். வீடு தேடவும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் இரண்டு மாதம் போயிற்று. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பயிற்சி, தனித்தனி அனுமதி என்று மூன்று மாதம். பிளாஸ்மா செதுக்கும் கருவி பழுதாகி, உதிரிபாகம் வந்து, மறுபடி அளவுதிருத்தம் முடிய ஏழு மாதம். கடைசி ஐந்து மாதம் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதியதில் கரைந்தது. மீதி ஏழு மாதத்தில் செய்த வேலையைத்தான் இன்றுவரை நேர்முகங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த நாடு, எந்த ஆய்வகம் என்பது இங்கே தேவையில்லை. இது எங்கும் நடக்கும்.

மூன்றாவது, காலக்கணக்கு. இந்தியாவில் ஆசிரியப் பணிக்குத் திரும்ப நினைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஐஐடி, என்ஐடிகளில் உதவிப் பேராசிரியர் முதல் நிலைக்குப் பட்டத்துக்குப் பிந்தைய மூன்றாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அது ஊதிய நிலை 12, தொடக்க அடிப்படை ஊதியம் 1,01,500 ரூபாய். அனுபவம் குறைந்தால் இரண்டாம் நிலை, அதாவது 57,700 அல்லது 68,900 ரூபாயில் தொடங்கும் ஊதிய நிலை. ஆக, இரண்டாண்டு போஸ்ட்டாக் முடித்துத் திரும்புபவர் ஓராண்டு குறையில் நிற்கிறார். பட்டம் கிடைக்கும் முன் செய்த மாதங்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக, குடும்பம்: துணைவர் வேலை செய்ய முடியுமா, மருத்துவக் காப்பீடு யார் தலையில், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது. இதைக் கடைசியில் எழுதினாலும், திருமணமானவர்கள் பட்டியலைத் தலைகீழாகப் படிக்கலாம்.

## அமெரிக்கா: பேராசிரியரின் திட்டப் பணம்

பெரிய குழுக்கள், வேகமான வேலை, கட்டுரைகளின் எண்ணிக்கை, பரிந்துரைக் கடிதத்தின் எடை. இவற்றில் இன்னும் அமெரிக்காதான் முன்னே நிற்கிறது. சம்பளத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் அந்நாட்டுத் தேசிய நல்வாழ்வு நிறுவனத்தின் (என்ஐஎச்) அளவை அடிப்படையாகக் கொள்கின்றன. 2024-இல் புதிதாகச் சேரும் போஸ்ட்டாக்குக்கு அது ஆண்டுக்கு 61,008 டாலர். இந்தத் தொகை ஊரைப் பொறுத்து வாழ்க்கையாகவோ வதையாகவோ மாறும். பாஸ்டனிலும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் ஒரு படுக்கையறை வீட்டு வாடகையே மாதம் 2,500 டாலரைத் தாண்டுகிறது. இல்லினாய் மாநிலத்து அர்பானாவிலோ இந்தியானாவின் வெஸ்ட் லஃபாயெட்டிலோ அதே சம்பளத்தில் மிச்சம் பிடிக்கலாம், காரும் ஓட்டலாம். அங்கே பொறியியல் துறைகளும் உலகத்தரம்தான். புகழ்பெற்ற நகரத்தின் பெயருக்காக ஆண்டுக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் வாடகை கொடுக்கும் ஆசை எனக்குப் புரிவதில்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் வரியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது பின்னாலிருந்து வந்து அடிக்கும். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவின்படி, ஆய்வுக்காக வருபவருக்கு இரண்டாண்டு வரை கூட்டாட்சி வருமான வரி விலக்கு உண்டு. மேற்சொன்ன சம்பளத்துக்கு இது ஆண்டுக்கு எட்டாயிரம் டாலருக்கு மேல். ஆனால் தங்கல் இரண்டாண்டைத் தாண்டினால் பழைய விலக்கும் சேர்ந்து போய்விடும். தள்ளுபடியான வரியை மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். மூன்றாவது ஆண்டு நீட்டிப்பை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டவர்கள் பிறகு வரி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாண்டு இருக்கப்போவது உறுதி என்றால் முதல் நாளே விலக்கை வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. கலிபோர்னியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த மாநிலம் தன் வரிக்கு இந்த ஒப்பந்தத்தை ஏற்பதே இல்லை.

அடுத்தது விசா. பெரும்பாலோர் ஜே-1 என்ற பரிமாற்ற வருகையாளர் விசாவில், ஆய்வாளர் பிரிவில் போகிறார்கள், உச்சவரம்பு ஐந்தாண்டு. வேலை நின்றால் முப்பது நாளில் கிளம்ப வேண்டும். இடையில் முடித்துத் திரும்பிவிட்டால் அதே பிரிவில் மீண்டும் வர 24 மாதத் தடை. முன்பெல்லாம் இந்தியர்களைப் பெரிதும் பயமுறுத்தியது, இரண்டாண்டு தாயகத்தில் இருந்தாக வேண்டும் என்ற விதி. எந்த நாட்டவர், எந்தத் துறையினர் அப்படித் திரும்ப வேண்டும் என்று சொல்லும் திறன் பட்டியல் 2024 டிசம்பரில் திருத்தப்பட்டு, அதிலிருந்து இந்தியா நீக்கப்பட்டதால் அந்தக் காரணத்துக்காக இனி அது பொருந்தாது. அரசுப் பணத்தில் வருபவர்களுக்கு மட்டும் இன்னும் பொருந்தலாம். எச்-1பி வேலை விசா கேட்டுப் பேரம் பேசலாம் என்று நினைப்பவர்கள், 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான புதிய மனுக்கள் மீது விதிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணத்தை நினைவில் கொள்ளுங்கள். ஒரு போஸ்ட்டாக்குக்காக எந்தத் துறைத்தலைவரும் அதைக் கட்டமாட்டார்.

லேசர், குறைகடத்தி, அணு, விண்வெளி என்று ஆய்வுத்தலைப்பில் ஒரு சொல் இருந்தாலும் தூதரகம் கூடுதல் பரிசீலனைக்கு அனுப்பிவிடக்கூடும். வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். சென்னை வீட்டைக் காலி செய்வதும் இந்திய வேலையை விடுவதும் விசா முத்திரை விழுந்த பிறகே நடக்கட்டும். ஏவுகணை, அதிவேகப் பறத்தல் போன்ற துறைகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வெளிநாட்டவரைக் குழுவின் பாதி வேலைக்கு வெளியே நிறுத்திவிடும். அங்கே சேர்ந்து அறைக்கு வெளியே நிற்பதில் பொருளில்லை. 2025-இல் ஆராய்ச்சி மானியங்கள் பல நடுவழியில் நிறுத்தப்பட்டதால், "நிதி இருக்கும் வரை" என்ற ஒப்பந்த வரிக்கு முன்பைவிட அழுத்தம் கூடியிருக்கிறது.

இருந்தும் யாருக்கு அமெரிக்கா? தனியாக இருப்பவர், இரண்டாண்டில் கட்டுரைகளை அள்ள வேண்டியவர், தன் துறையின் முதல் மூன்று குழுக்களில் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தவர். துணைவர், குடும்பத்தாருக்கான ஜே-2 விசாவில் தனி அனுமதி பெற்று வேலை செய்யலாம் என்பது ஓர் ஆறுதல். குழந்தைக் காப்பகக் கட்டணத்தைப் பார்த்தபின் அந்த ஆறுதல் எவ்வளவு மிஞ்சும் என்பது ஊரைப் பொறுத்தது.

## ஜெர்மனி: சம்பளமா, ஃபெலோஷிப்பா

ஜெர்மனியில் இரண்டு வாசல்கள். பல்கலைக்கழகமோ ஆய்வு மையமோ தரும் பணி ஒப்பந்தம் ஒன்று. அதில் ஊதியம் பொதுத்துறை அட்டவணையின் இ13 நிலையில் வரும், தொடக்கத்தில் மாதம் ஏறத்தாழ 4,700 யூரோ. வரியும் காப்பீடுகளும் சேர்ந்து ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடும் என்று தனியாள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்தக் கழிவில் ஓய்வூதியமும் வேலையிழப்புக் காப்பீடும் அடங்கியிருக்கின்றன. ஐந்தாண்டுக்குள் ஐரோப்பாவை விட்டுத் திரும்பினால், 24 மாதம் கழித்து ஓய்வூதியத்தில் உங்கள் பங்கைத் திரும்பக் கேட்கலாம். வேலை செய்யாத துணைவருக்கும் குழந்தைகளுக்கும் பொது மருத்துவக் காப்பீடு தனிக்கட்டணமில்லாமல் கிடைக்கிறது. குழந்தைக்கு மாதம் 255 யூரோ உதவித்தொகையும் உண்டு. இது 2025-இன் அளவு.

மற்றொரு வாசல், ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் ஃபெலோஷிப். முனைவர் பட்டம் பெற்ற நான்காண்டுக்குள் விண்ணப்பிக்கலாம், ஆறு முதல் 24 மாதம் வரை. தலைப்பு உங்களுடையது. பேராசிரியருக்கும் ஆய்வுச் செலவுக்கென்று, பொறியியல், இயற்கை அறிவியல் துறைகளில் மாதம் 800 யூரோ போகும். எனவே உங்களை வைத்துக்கொள்ள அவருக்குச் செலவில்லை, நீங்கள் அவருக்கு வேலைக்காரரும் இல்லை. பெயர் பெரிது, வாழ்நாள் தொடர்பு வலையும் உண்டு. ஆனால் இது பணி ஒப்பந்தம் அல்ல. ஓய்வூதியம் சேராது, வேலையிழப்புக் காப்பீடு கிடையாது, மருத்துவக் காப்பீட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்த மறுநாள் கையில் ஒன்றும் இருக்காது. இந்தியா திரும்பப் போகிறவருக்கு ஹம்போல்ட். ஐரோப்பாவில் தங்க நினைப்பவருக்கு இ13. இதைத் தயங்காமல் சொல்வேன்.

தங்குவதற்கும் கணக்கு இருக்கிறது. இ13 சம்பளம், உயர்தகுதிப் பணியாளருக்கான குடியிருப்பு அனுமதியான நீல அட்டைக்குப் போதுமானது. பி1 அளவு, அதாவது இடைநிலை அளவு ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மாலை வகுப்புக்குப் போகாமல் "ஆய்வகத்தில் எல்லோரும் ஆங்கிலம்தான்" என்று இரண்டாண்டு ஓட்டிய நண்பர்கள் பின்னால் வருந்தினார்கள். எதிர்ப்பக்கத்தில், பட்டத்துக்குப் பின் தற்காலிக ஒப்பந்தங்களுக்கு அங்கே ஆறாண்டு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் தொழில்துறைக்கு நகர வேண்டியதுதான்; பொறியாளருக்கு அது ஒன்றும் தண்டனையல்ல.

கையெழுத்துக்கு முன் ஒரு பேரம் மட்டும் உண்டு: இ13-க்குள் எந்தப் படி. உங்கள் ஆய்வு ஆண்டுகளை அனுபவமாக ஏற்றால் இரண்டாம், மூன்றாம் படியில் தொடங்கலாம். சேர்ந்தபின் கேட்டால் நடக்காது. பழைய நியமனக் கடிதங்களை, திட்டப் பணிச் சான்றுகளை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகமா, ஃபிரான்ஹோஃபரா, ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையமா என்பதும் உள்ளே ஒரு கேள்வி. ஃபிரான்ஹோஃபர் நிறுவனங்கள் ஒப்பந்த ஆராய்ச்சியில் வாழ்பவை. கருவிகள் தொழிற்சாலைத் தரம், ஆனால் செய்ததை எல்லாம் வெளியிட முடியாது. பேராசிரியர் பதவி குறியென்றால் யோசியுங்கள். நிறுவன வேலை குறியென்றால் தாவிப் பிடியுங்கள். யூலிஷ் போன்ற ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையங்கள் பெரிய கருவிகளின் வீடு. அங்கே கருவிக்கென்று நிரந்தரத் தொழில்நுட்பர் இருப்பார் என்பதே பாதி வரம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப் பற்றிக் கேட்பீர்கள். பணம் நல்ல பணம், ஒப்பந்தமும் பணி ஒப்பந்தமே. ஆனால் 2025 அழைப்புக்கு மட்டும் 17,000-க்கு மேல் விண்ணப்பங்கள். செப்டம்பரில் எழுதிப் போடுங்கள், அதை நம்பி வேறு வேலையை மறுக்காதீர்கள்.

## ஜப்பான்: ஜேஎஸ்பிஎஸ்

ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் (ஜேஎஸ்பிஎஸ்) வழக்கமான ஃபெலோஷிப் மாதம் 3,62,000 யென். 12 முதல் 24 மாதம். போக வர விமானச் சீட்டு. குடியேறும் செலவுக்கு 2,00,000 யென். பட்டம் பெற்று ஆறாண்டுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பவர் ஜப்பானியப் பேராசிரியர் என்பதால், அவரோடு ஆறு மாதம் முன்பே பேசியிருக்க வேண்டும்.

தொகை பல ஆண்டுகளாக அப்படியே இருக்க, யென்தான் நகர்ந்தது. டாலருக்கு 110 யென் இருந்த 2021-இல் இது ஏறத்தாழ 3,300 டாலர். 2024 ஜூலையில் 160-ஐத் தொட்டபோது 2,260. உள்ளூரில் சாப்பிட்டு வாழ்பவருக்குப் பெரிய மாற்றமில்லை. ஊருக்குப் பணம் அனுப்புபவருக்கு மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வீடு எடுக்கும்போது வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத "நன்றிப் பணம்", உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம் என்று குடியேற்றத் தொகை முதல் வாரத்திலேயே காணாமல் போகும். துணைவர் வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம்.

கருவி விஷயத்தில் மட்டும் ஜப்பானுக்கு என் வாக்கு. பராமரிப்புப் பதிவேடு கருவியின் பக்கத்திலேயே தொங்கும், அதில் நேற்றைய தேதி இருக்கும். காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தியில் ஆய்வு செய்பவருக்கு, நீல ஒளி எல்இடிக்காக 2014 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமானோவின் நகோயாவை விட்டு வேறெங்கே போகச் சொல்வது? துகள்முடுக்கியில் பிறக்கும் செறிந்த எக்ஸ்-கதிரான சிங்க்ரோட்ரான் ஒளிக்கு ஹரிமாவில் ஸ்பிரிங்-8. தலைப்பு பொருந்தினால் யென் விழுந்தாலும் போகலாம். பொருந்தாவிட்டால், கொள்முதல் படிவமும் பாதுகாப்புக் கையேடும் ஜப்பானிய மொழியில் இருக்கும் ஓர் இடத்தில் தனிமையும் சேர்ந்துகொள்ளும். இரண்டாண்டு முடிந்தால் நீட்டிப்பு இல்லை.

## இந்தியா

தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப், அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்திய காலத்தில் மாதம் 55,000 ரூபாய், அதோடு ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வு மானியம், இரண்டாண்டு, வயது 35-க்குள். வாரியம் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் அடங்கிவிட்டதால், புதிய அழைப்பில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். திட்ட ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் 2023 முதல் 58,000 தொடங்கி 67,000 வரை, வீட்டு வாடகைப்படி தனி. எண்ணைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் சென்னையில் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு வாங்கும் 58,000-ஐ பாஸ்டன் வாடகையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தவணை தாமதமாக வரும் என்ற புலம்பலும் உண்மைதான். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் சேராதீர்கள்.

உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது. பல தேர்வுக் குழுக்கள் இன்னும் வெளிநாட்டு முத்திரையைத் தேடுகின்றன. இது சரியென்று சொல்லவில்லை, இருக்கிறது. அதே நேரம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையத்திலும் பம்பாய் ஐஐடியிலும் உள்ள கிளீன்ரூம்கள் பல நடுத்தர வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைவிட மேல். அங்கே ஓராண்டு வேலை, வெளிநாட்டில் கருவிக்குக் காத்திருக்கும் இரண்டாண்டுக்குச் சமம் என்பது என் கணக்கு. இன்ஸ்பயர் ஃபேகல்டி என்ற மத்திய அரசு ஃபெலோஷிப், மாதம் 1,25,000 ரூபாயும் ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு மானியமுமாக ஐந்தாண்டு; வயது 32-ஐத் தாண்டாதவர்கள் வெளிநாட்டுக் கடிதத்துக்குப் பதில் எழுதும் முன் இதற்கு விண்ணப்பித்துவிடட்டும்.

குறைகடத்திச் சாதனங்கள் செய்தவர்களுக்கு இன்னொரு சொல். 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டபின் குஜராத்தின் சானந்திலும் தோலேராவிலும் ஆலைகள் எழுகின்றன. போஸ்ட்டாக்கே வேண்டாம், நேரே வேலைக்குப் போகிறேன் என்பதும் ஒரு பதில்தான். தமிழ்நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராவதே குறியென்றால் வெளிநாட்டில் இரண்டாண்டு செலவிடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

## ஒரே பார்வையில்

| | அமெரிக்கத் திட்டப் பணி | ஜெர்மனி இ13 | ஹம்போல்ட் | ஜேஎஸ்பிஎஸ் | இந்திய ஃபெலோஷிப் |
|---|---|---|---|---|---|
| பணம் யார் பெயரில் | பேராசிரியர் | பேராசிரியர் அல்லது மையம் | உங்கள் பெயர் | உங்கள் பெயர் | உங்கள் பெயர் |
| காலம் | ஓராண்டு, நீட்டிக்கலாம் | இரண்டு, மூன்றாண்டு | 6–24 மாதம் | 12–24 மாதம் | இரண்டாண்டு |
| துணைவர் வேலை | அனுமதி பெற்று | உண்டு | உண்டு | வாரம் 28 மணி | கேள்வியே இல்லை |
| மறைந்த செலவு | மூன்றாம் ஆண்டு வரி, வாடகை | பெரிய கழிவு | காப்பீடு, ஓய்வூதியம் இல்லை | யென், வீட்டு முன்பணம் | தவணைத் தாமதம் |
| யாருக்கு | தனியாள், கட்டுரை தேவைப்படுபவர் | குடும்பஸ்தர், தங்குபவர் | சொந்தத் தலைப்பு, திரும்புபவர் | தலைப்பு பொருந்துபவர் | வீட்டருகே, கிளீன்ரூம் உள்ள இடம் |

## ஒப்புக்கொள்ளும் முன்

நேர்முகத்தின் கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்பார்கள். நம் பிள்ளைகள் மரியாதைக்காக இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். கேளுங்கள். இந்தத் திட்டத்தின் நிதி எந்த மாதம் முடிகிறது? முந்தைய மூன்று போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே? அவர்களில் ஒருவரோடு பேசலாமா? கிளம்பும்போது தலைப்பில் எதை என்னோடு எடுத்துப் போகலாம்? கடைசிக் கேள்விக்குப் பேராசிரியர் தயங்கினால், நாளை உங்கள் சொந்த ஆய்வகத்துக்கு அவரே போட்டியாளர் ஆவார்.

பரிசோதனை செய்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: நான் பயன்படுத்தப்போகும் கருவி கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் ஓடியது? முதல் போஸ்ட்டாக்கில் பட்டபின் இதை நான்கு பேராசிரியர்களிடம் எழுதிக் கேட்டேன். இருவர் பதில் போடவில்லை. ஒருவர் "நன்றாகவே ஓடுகிறது" என்று ஒரு வரி எழுதினார். நான்காமவர் பதிவேட்டின் ஆறு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நடுவில் பதினொரு நாள் பம்பு பழுது என்று சிவப்பு மையில் குறித்திருந்தது. சம்பளம் அங்கேதான் குறைவு. அங்கேதான் போனேன்.